ஆல்பி போட்ட முடிச்சு

தண்ணீரைக் குடிக்கிற மரம் என்றால் அது திட்டு. ஆல்பி டிரெலோர் இருபத்திரண்டு வருஷமாக அதைத் திட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரி கிளெனிஸ் ஹாடோ இரண்டு பேருக்கும் பொதுவான வேலியை ஒட்டி, தன் பக்கத்தில், ஒன்றரை மைல் நீளத்துக்கு நாலு வரிசை மாலி மரம் வைத்திருந்தாள். தைலமரத்தில் ஒரு குட்டை ஜாதி அது. வெட்டிப் பொடித்து மின்சார நிலையத்துக்கு அனுப்பி எரிப்பதற்கென்று வளர்ப்பது. ஆல்பி அதை மரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. குச்சி என்பார். அவளைக் குச்சி வியாபாரி என்பார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வேலியிலிருந்து இருபது தப்படி தூரம் அவருடைய பார்லி முழங்கால் உயரத்துக்கு மேல் வளராது. கதிர் பிடித்தால் உள்ளே தூசிதான் இருக்கும். அந்த வேர்கள் வேலிக்கு அடியில் நுழைந்து வந்து அவர் நிலத்து ஈரத்தைக் குடித்துவிட்டுப் போயின. எழுபத்தொன்பது வயதில், இந்த வருஷம் விதைப்புக்கு முன் அதற்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவு செய்தார். ஒற்றைப் பல் உளிக்கலப்பை ஒன்றை இரவல் வாங்கி டிராக்டரில் மாட்டினார். வேலியோரமாகத் தன் பக்கத்தில் தொடை ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போனால் எல்லா வேரும் அறுந்துவிடும். செவ்வாய்க்கிழமை மாட்டினார். புதன்கிழமை காலையில் கீறப் போகிறார். வியாழக்கிழமை கிளெனிஸின் மரங்களை முதல் தடவையாக வெட்ட எந்திரம் வருவதாகப் பேச்சு. எந்திரம் நடமாட ஆரம்பித்தால் வேலிப்பக்கம் போக முடியாது.

செவ்வாய் மத்தியானமே கிளெனிஸ் வந்துவிட்டாள். அறுபது வயது, ஆண்பிள்ளை தொப்பி, கையில் தேநீர் பிளாஸ்க். பிக்கப் வண்டியை விட்டு இறங்கும்போதே கலப்பைப் பல்லைப் பார்த்தாள்.

"வேலியத் தோண்டப் போறீங்களாமே, ஆல்பி?"

"வேலிய யாரு தோண்டுறா? என் நிலத்தை நான் கீறுறேன். உன் வேரு என் பக்கம் வந்து மேயுது. அதுக்கு நான் தீவனம் வேற போடணுமா?"

"மேல்பக்கம் பூரா கீறுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அங்க நீங்க சொல்றது நியாயம்தான். கீழ் கேட்டைத் தாண்டி மட்டும் வேண்டாம்."

"ஏனாம்?"

"அங்க என் மரம் உங்களுக்குத்தான் வேலை பாக்குது."

"அதுக்குக் கூலி வாங்கத்தான் பிளாஸ்க்கோட வந்தியா?"

வேலியில் சரிவு முடிகிற இடத்துக் கதவுதான் கீழ் கேட், அதற்கு அந்தப் பக்கம் கீழ்வயல். சரிவெல்லாம் இறங்கி வந்து சேருகிற தட்டை நிலம், வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. அறுபது ஏக்கரில் முப்பத்தைந்தை உப்பு தின்றுவிட்டது. அந்த இடம் வெயிலில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கும், உமரிச்செடி தவிர எதுவும் முளைக்காது. மிச்சம் இருபத்தைந்து ஏக்கர். ஆல்பியிடம் இருந்த நிலத்திலேயே நல்ல நிலம் அதுதான். அதுவும் போனால் உப்பு வீட்டு வாசற்படிக்கு வந்துவிடும், அப்புறம் பெர்த் நகரத்தில் இருக்கிற மகள் சொல்கிறபடி விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். வாங்கத்தான் ஆள் இருக்காது.

உப்பு எப்படி வந்தது என்று ஆல்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு காட்டில் இறங்கினார். இரண்டு டிராக்டருக்கு நடுவே கப்பல் சங்கிலி கட்டி இழுத்து மாலிக் காடு முழுவதையும் சாய்த்தார்கள், எரித்தார்கள், கோதுமை போட்டார்கள். காடு இருந்தவரை வருகிற மழையைப் பன்னிரண்டு மாதமும் அது குடித்துக்கொண்டிருந்தது. கோதுமை ஆறு மாதம் குடித்துவிட்டுச் செத்துப்போகும். குடிக்க ஆளில்லாத தண்ணீர் கீழே இறங்கியது, நிறைந்தது, பூமிக்குள் காலகாலமாகக் கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்தது. முப்பது வருஷம் கழித்து ஒரு நாள் காலை கீழ்வயலில் வெள்ளையாக ஒரு தட்டு அளவு இடம் தெரிந்தது. அடுத்த வருஷம் அது ஒரு வண்டி அளவு.

"என் மரம் இல்லேன்னா மிச்சமும் எப்பவோ போயிருக்கும்" என்றாள் கிளெனிஸ்.

"சொல்லுவ. குச்சிய வெட்டி லாரில ஏத்தப் போறவ நீ. விக்கிறவ பேச்சை நம்புறதுக்கு நான் நேத்துப் பொறக்கல."

"என்ன நம்ப வேண்டாம். உங்க குழாய அளந்து பாருங்க. அதுவா மரம் விக்குது?"

அவள் பிளாஸ்க்கைத் திறக்காமலேயே அங்கே நின்றாள்.

குழாய் இரண்டு இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், அவள் கன்று நட்ட அதே குளிர்காலத்தில், ஏதோ ஒரு இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து மணிக்கட்டு பருமனுக்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை நிலத்தில் இறக்கினார்கள். ஒன்று கீழ் கேட்டுக்குப் பக்கத்தில், வேலியிலிருந்து எட்டு தப்படியில். இன்னொன்று கால் மைல் தள்ளி, ஆட்டு ரோமம் வெட்டுகிற கொட்டகைக்குப் பின்னால். அடியில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்க. மூன்று தடவை வந்தார்கள், காகிதத்தில் எழுதினார்கள், அப்புறம் வரவில்லை. ஆல்பி அவர்களுடைய காகிதத்தை நம்பவில்லை. காகிதம் எழுதினவன் பக்கம்தான் பேசும். குழாய் இறக்கின அன்றைக்கே அவர் வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை எடுத்து, நுனியில் நட்டு கழற்றுகிற ஒரு சாக்கெட்டைக் கட்டி, வாய் கீழே பார்க்கக் குழாயில் விட்டார். சாக்கெட் தண்ணீரைத் தொட்டால் குழிந்த வாயில் காற்று அடைபட்டு 'ப்ளக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்த இடத்தில், குழாய் விளிம்புக்கு நேரே கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். கொட்டகைக் குழாய்க்கு இரட்டை முடிச்சு. மிச்சக் கயிற்றை வெட்டாமல் சுருட்டிக் கொட்டகை ஆணியில் மாட்டினார்.

எதற்கென்றால், ஒரு நாள் அந்தக் குச்சி வியாபாரியை இழுத்து வந்து, "பாத்தியா, உன் குச்சி ஒரு விரக்கடை கூட இறக்கல" என்று மூக்குக்கு முன்னால் காட்டுவதற்கு. அந்த நாள் வராமலே போய்விட்டது.

இப்போது ஆணியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு கீழ் கேட்டுக்கு வந்தார், அவளும் கூடவே. தூசி தட்டினார். முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அவர் கைமுடிச்சு அவருக்குத் தெரியும், வேறு யாரும் தொடவில்லை.

"நீ அங்க போய் நில்லு. வேலிக்கு அந்தப் பக்கம். உன் மரத்துக்கிட்ட."

"நான் குழாய்க்குள்ள கைய விட்டுத் தண்ணிய எறக்கிடுவேனா?"

"யாரு கண்டா."

அவள் சிரித்துக்கொண்டே வேலியைத் தாண்டிப்போய் நிழலில் நின்றாள். ஆல்பியின் நாய் டிங்கர் மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆல்பி மண்டியிட்டு மூடியைத் திருகி எடுத்துச் சாக்கெட்டை உள்ளே விட்டார். முடிச்சு விளிம்பு வரை வந்தது. சத்தமில்லை. விட்டார். இன்னும் விட்டார். சத்தமே இல்லை. கயிறு முழுவதும் தீர்ந்து கையில் நுனி நின்றது.

"கொழாய் அடைச்சுப்போச்சு!" என்று கத்தினார். "இல்லேன்னா தண்ணியே இல்ல. மொத்தமாக் குடிச்சுட்டியாடி பாவி!"

"மொத்தமாவா? ரெண்டுல எது? அடைச்சுதா, குடிச்சேனா?"

கயிற்றை இழுத்துப் பார்த்தார். குழாய்ச் சுவரில் உரசி முழுவதும் ஈரமாக வந்தது. பிளாஸ்டிக் கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்காது, வழிந்துவிடும். எது வரை நனைந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் சத்தம் வந்திருக்கிறது. அவர் காதுதான் வாங்கவில்லை. ஐம்பது வருஷம் கூரையில்லாத டிராக்டர் ஓட்டினவர் காது. மகள் மிஷின் வாங்கி அனுப்பியிருந்தாள். அது பெட்டிக்குள்ளேயே இருந்தது, அது பேசுவதை யார் நம்புவது.

கிளெனிஸைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்ல மனசு வரவில்லை. மறுபடி மெதுவாக விட்டார். முடிச்சு விளிம்பைத் தாண்டிக் கீழே போய் மறைந்தது. மேலும் விட்டார். அப்போது டிங்கர் தலையைச் சாய்த்துக் குழாயைப் பார்த்தது.

ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தார். ஒரு சாண் மேலே தூக்கித் திரும்ப விட்டார். டிங்கர் தலையை அந்தப் பக்கம் சாய்த்தது. தூக்கினார், விட்டார். இந்தப் பக்கம். ஆறு தடவை செய்தார். ஆறு தடவையும் ஒரே இடத்தில் நாயின் காது நிமிர்ந்தது. கயிற்றை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். முடிச்சிலிருந்து கட்டைவிரல் வரை முழங்கையால் அளந்தார். எட்டு முழம். திரும்ப அளந்தார். எட்டு முழம்.

"கேட்டுச்சா?" என்றாள் கிளெனிஸ் அங்கிருந்தே.

"நாய்க்குக் கேட்டுச்சு."

"நாய் சொன்னா நம்புவீங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்க?"

"அது மரம் விக்கல."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். எட்டு முழம் சும்மா இல்லை. அன்றைக்குத் தண்ணீர் அவர் இடுப்பளவு ஆழத்தில் நின்றது. இன்றைக்கு ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றாலும் மேலே கை தெரியாது. ஆனால் ஆல்பி அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்கிற ஆளா?

"முடிச்சுப் போட்டது குளிர்காலத்துல. இப்ப கோடை முடிஞ்ச கையோட அளக்குறோம். தண்ணி தன்னாலயே எறங்கியிருக்கும்."

"சரி."

"மழையும் முன்ன மாதிரி இல்ல. இருபது வருஷமாக் கொறைஞ்சுகிட்டே வருது. அதனாலயும் எறங்கியிருக்கும்."

"சரிங்கிறேன். இன்னொரு குழாய் எதுக்கு இருக்கு? அங்க என் மரம் ஒண்ணும் இல்லையே. யோவ் கிழவரே, நானா வந்து சண்டை போடுறேன்? நீங்களே உங்களோட சண்டை போட்டுக்கிறீங்க."

அவர் அவளை முறைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். நாயும் பின்னால் வந்தது. அங்கே அளந்தார். இரட்டை முடிச்சிலிருந்து நாயின் தலை சாய்ந்த இடம் வரை ஒன்றரை முழம்.

கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கோடையும் வறட்சியும் சேர்ந்து இறக்கினது ஒன்றரை முழம். மற்ற ஆறரை முழத்தை அந்தக் குச்சிகள் இறக்கியிருக்கின்றன. பம்ப் கிடையாது, டீசல் கிடையாது, பழுது பார்க்க ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை கூட லீவு போடாமல், இலை வழியாக வானத்துக்கு இறைத்திருக்கின்றன. அவர் அப்பாவும் அவரும் சேர்ந்து கெடுத்ததைச் சரிசெய்திருக்கின்றன.

அப்போதுதான், வெளியே சொல்லாமல் வைத்திருந்த மற்ற விஷயங்களும் ஞாபகத்துக்கு வந்தன. முன்பெல்லாம் கிழக்குக் காற்று அடித்தால் மணல் பறந்து வந்து வேலிக் கம்பி மூழ்கிவிடும், மண்வெட்டியால் தள்ள வேண்டும். கடைசியாக அப்படித் தள்ளினது எந்த வருஷம் என்று நினைவில்லை. குட்டி ஈனுகிற சமயத்தில் செம்மறிகள் எல்லாம் அந்த வேலியோரமாகவே போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற நாளில் குட்டிகள் முன்னைப் போலச் சாவதில்லை. ஆடு அவருக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்வயலுக்குப் போனார். வேலியிலிருந்து தப்படி எண்ணிக்கொண்டே நடந்து, ஐந்து தப்படிக்கு ஒரு தடவை ஒரு குத்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். இருபத்தைந்து தப்படி வரை மண் மண்ணாகவே இருந்தது. முப்பதில் லேசாகக் கரித்தது. நாற்பதில் நாக்கைச் சுருக்கியது, இன்னும் விளைகிற அந்த நிலத்திலும் உப்பு அடியிலிருந்து ஏற ஆரம்பித்திருந்தது. அவ்வளவுதான் அந்த மரங்களின் கை எட்டுகிற தூரம். கிளெனிஸ் சொன்னதும் முழு உண்மை இல்லை. மிச்சமிருந்த இருபத்தைந்து ஏக்கரையும் அவை காக்கவில்லை, வேலியை ஒட்டின ஓரத்தைத்தான் காத்திருந்தன. ஆனால் அந்த ஓரம் வழியாகத்தான் சரிவின் தண்ணீர் உள்ளே வரும். வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி.

புதன்கிழமை காலை மேல் முனையில் ஆரம்பித்துக் கீறினார். பல் மண்ணுக்குள் போய் வேரைப் பிடித்ததும் டிராக்டர் முன்காலைத் தூக்கியது. பட் பட்டென்று அறுந்தன. அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன். மேட்டில் வேர் அவருடைய பார்லியைத்தான் குடிக்கிறது, அங்கே பரிதாபம் கிடையாது. கீழ் கேட்டுக்கு வந்ததும் கலப்பையைத் தூக்கினார். டிராக்டரை நிறுத்தினார். அங்கிருந்து கீழ்வயல் முடியும் வரை இருநூறு கஜம் வேலி அப்படியே நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. நாளைக்கு எந்திரம் வந்து நாலு வரிசையையும் தரையோடு வெட்டப் போகிறதே.

டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளெனிஸ் வீட்டுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சமையலறையில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றவில்லை.

"நாளைக்குக் கீழ இருக்கிற மரத்த வெட்டாத."

கிளெனிஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"வெட்டாதங்கறேன்."

"அதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னீங்களே. மரமா?"

"காது எனக்குத்தான் போச்சு, உனக்கும் போச்சா?"

"ஆல்பி, உக்காருங்க. அது மாலி. வெட்டினா செத்துடாது, துளிர்க்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கா தெரியாது? எங்கப்பா சங்கிலி போட்டு இழுத்தாரு, எரிச்சாரு, உழுதாரு. அடுத்த மழைக்கு மயிரு மாதிரி முளைச்சுது. அடியில இருக்கிற வேர்க்கட்டைய நான் கையால பொறுக்கினவன், எட்டு வருஷம். எங்களால கொல்ல முடியல, உன் எந்திரமா கொல்லும்? ஆனா வெட்டினா ரெண்டு வருஷத்துக்கு எல இருக்காது. எல இல்லாம எப்படிக் குடிக்கும்? அந்த ரெண்டு வருஷத்துல ஒரு பெரிய மழை வந்தா தண்ணி என் வாசல்ல நிக்கும்."

கிளெனிஸ் யோசித்தாள். "கரண்டு ஸ்டேஷனுக்கு இத்தன லோடு தரேன்னு சொல்லிட்டேன். கீழ நாலு வரிசையும் விட்டா கொறையும்."

"ரெண்ட வெட்டு. உன் பக்கத்து ரெண்டு. என் பக்கத்து ரெண்டு நிக்கட்டும். வெட்டினது துளிர்த்து மேல வந்தப்புறம் அந்த ரெண்ட வெட்டு."

"அப்பவும் இந்த வருஷம் கொறையுமே."

ஆல்பி தொப்பியைக் கழற்றினார். "கீழ்வயல்ல நான் நாலு வரிசை வைக்கிறேன். உன் மரத்துக்குக் கை எட்டாத எடத்துல, மண்ணு ரொம்பக் கரிக்கிறதுக்கு முன்னால. வளந்தா உன் லோடுக்கு அதுல வெட்டிக்க."

"நீங்களா? குச்சி வைக்கப் போறீங்களா?"

"கன்னு எங்க வாங்குறதுன்னு மட்டும் சொல்லு. கிண்டல் அப்புறம் பண்ணலாம்."

"எழுதிக் குடுங்க. அப்பத்தான் நம்புவேன்."

"எழுதினா காகிதம் உன் பக்கம் பேசும். முடிச்சுப் போட்டுத் தரேன், வச்சுக்க."

அவள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். தேநீர் ஊற்றினாள். அவர் குடித்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"எலையும் சேத்து அரைச்சு ஏத்திட்டா, மண்ணுல இருந்த சத்து எல்லாம் லாரில போயிடும். அத யோசிச்சியா?"

"சாம்பலத் திருப்பிக் கொண்டுவந்து போடச் சொல்லியிருக்கேன்."

"கொண்டுவந்தா பாக்கலாம்" என்றார் ஆல்பி.

வியாழக்கிழமை எந்திரம் வந்தபோது கீழ் கேட்டில் ஆல்பி வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்தார். கிளெனிஸ் சொன்னது சொன்னபடி நடக்குமா என்று அவருக்கு நிச்சயமில்லை. எந்திரம் ஓட்டினவன் லின்டன் என்ற வழுக்கைத் தலைக்காரன். வீடு மாதிரி பெரிய எந்திரம். மரத்தைத் தரையோடு பிடித்து அறுத்து, வயிற்றுக்குள் அரைத்து, பக்கத்தில் ஓடுகிற வண்டிக்குள் பொடியாகத் துப்பியது. சுற்றுவட்டாரம் முழுவதும் தைல வாசனை, மூக்கடைப்பே திறந்துவிடும். கேட்டுக்கு வந்ததும் லின்டன் நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"பெருசு, இங்க என்ன காவல்? யாராவது எதையாவது திருடிட்டுப் போறாங்களா?"

"அந்த ரெண்டு வரிசையத் தொடாத."

"அதான் அந்தம்மா நாலு தடவ சொல்லிட்டாங்களே. சிவப்பு ரிப்பன் வேற கட்டி வச்சிருக்காங்க."

ஆல்பி திரும்பிப் பார்த்தார். கட்டியிருந்தாள். மரத்துக்கு மரம். விடிகாலையிலேயே வந்து கட்டியிருக்க வேண்டும், இருநூறு கஜம் நீளத்துக்கு.

"கட்டட்டும்" என்றார். "நான் இங்கதான் இருப்பேன்."

இருந்தார். எந்திரம் மற்ற இரண்டு வரிசையை முடித்து, திரும்பி, சாலைக்குப் போய் லாரியில் ஏறும் வரை இருந்தார். அப்புறம் இறங்கி, வெட்டின ஒரு அடிக்கட்டையைப் பூட்ஸால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. பூமிக்குள் அதன் வேர்க்கட்டை ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டி பருமனுக்கு உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வண்டியிலிருந்து ஒரு கட்டு முளைக்குச்சிகளையும் சுத்தியலையும் ஆரஞ்சுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கீழ்வயலுக்குள் இருபத்தைந்து தப்படி நடந்தார். கயிற்றில் இப்போது புது முடிச்சு ஒன்று இருந்தது. பழைய முடிச்சிலிருந்து ஆறரை முழம் தள்ளிப் போட்டது, வறட்சியின் ஒன்றரை முழத்தை அதில் சேர்க்கவில்லை. முதல் முளையை அடித்தார். பழைய முடிச்சை அதில் பிடித்துக் கயிற்றை இழுத்து, புது முடிச்சு வந்து நின்ற இடத்தில் இரண்டாவது முளையை அடித்தார். வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி அவ்வளவு போதும்.

டிங்கர் சாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தது.

"அங்க தண்ணி இல்லடா" என்றார் ஆல்பி. "இரு, வேலை முடியட்டும்."